வெள்ளைக்காரன் பேச மறுத்த வாரம்

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், இந்த ரிப்பேர் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். ரசம் வருவதற்குள் ஒரு கேள்வி கேட்டார். "அங்கிள், மெஷின்ல 'அன்நோன் டிவைஸ்'னு வந்தா நீங்க முதல்ல எதைச் செக் பண்ணுவீங்க?" கேபிளா, டிரைவரா, போர்டா என்று அவரே பட்டியலும் கொடுத்தார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பேன் என்றேன். பெரிசு ஜோக் அடிக்கிறது என்று நினைத்துச் சிரித்துவிட்டு அவர் மோருக்குக் கையைக் காட்டினார்.

நான் ஜோக் அடிக்கவில்லை. சத்தத்தில் அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். கடைக்குள் உட்கார்ந்திருந்தது குறைவு. பையைத் தூக்கிக்கொண்டு கிள்ளான், சுபாங் ஜெயா என்று வீடு வீடாகப் போய் ரிப்பேர் செய்வதுதான் என் வேலை. கைத்திறமை உண்டு. கோபம் மட்டும் எப்போதும் மூக்கு மேலேயே இருக்கும். அதனால் கெட்ட காரியங்களில் ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. புது விண்டோஸ் வந்து, எந்தக் கார்டைச் செருகினாலும் கம்ப்யூட்டர் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். அதற்கு முன்பெல்லாம் கார்டைக் கையில் எடுத்து, புரட்டிப் பார்த்து, ஜம்பர் என்கிற குட்டி குட்டிச் செருகிகளை மாற்றி வைத்துத்தான் வழிக்குக் கொண்டுவருவோம். இப்போது திரையே எல்லாவற்றையும் சொன்னது. எனக்கும் அது பிடித்துப் போயிற்று. கையை விட்டேன், திரையை நம்ப ஆரம்பித்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளாட்டுக்கு அனுப்பினார்கள். நாலாவது மாடி. கதவைத் திறந்தவர் எழுபதை நெருங்கிய ஒரு பெரியவர். ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரைச் சாமிநாதன் அண்ணன் என்பார்கள், நான் அங்கிள் என்றேன். நெற்றி நிறையத் திருநீறு. நான் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"வெள்ளைக்காரன் பேச மாட்டேங்குறான் தம்பி. புதன்கிழமையில இருந்து வாயே திறக்கல."

உள்ளே அவர் மகள் மல்லிகா கம்ப்யூட்டர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு வயது இருக்கும். பிறந்ததிலிருந்தே கண் பார்வை கிடையாது. கோலாலம்பூரில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். வெள்ளைக்காரன் என்று பெரியவர் சொன்னது கம்ப்யூட்டருக்குள் இருந்த ஒரு பேச்சுக் கார்டை. திரையில் இருக்கும் எழுத்தையெல்லாம் அது இங்கிலீஷில், ஒரு துரை மாதிரிக் குரலில், வாய்விட்டுப் படிக்கும். மல்லிகா அதைக் கேட்டுக்கொண்டே டைப் செய்வார். அப்படி ஒரு கார்டு நம் ஊர்க் கடைகளில் கிடைக்காது. யாரோ ஒரு பாதிரியார் மூலம் வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

என் முதல் தப்பு அங்கேயே நடந்தது. மல்லிகா பக்கத்தில் இருக்க, நான் பெரியவரைப் பார்த்து, "இவங்க எதையாச்சும் அழுத்திட்டாங்களா அங்கிள்?" என்று கேட்டேன்.

"என்கிட்டயே கேளுங்கண்ணே" என்றார் மல்லிகா. குரலில் கோபம் இல்லை. "நான் ஒண்ணும் அழுத்தல. செவ்வாய்க்கிழமை ஆயுத பூஜை, அன்னைக்கு மெஷினைத் தொடவே இல்ல. மறுநாள் வேலை முடிஞ்சு வந்து போட்டேன், பேசல. திங்கட்கிழமை எனக்கு டெஸ்ட்."

டெஸ்ட் என்னவென்று கேட்டேன். அவர்கள் கம்பெனியில் போன் சிஸ்டத்தை மாற்றுகிறார்கள். இனி கூப்பிடுகிறவர்கள் நம்பரை அழுத்தினால் போதும், ஆபரேட்டர் தேவையில்லை. மற்ற இரண்டு ஆபரேட்டர்களுக்கும் வேறு பிரிவில் மேசை போட்டாயிற்று. மல்லிகாவை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அவரே மேனேஜரிடம் போய், கடிதப் பிரிவில் போடுங்கள், கம்ப்யூட்டரில் நானே படித்து நானே பதில் எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறார். மேனேஜருக்கு நம்பிக்கை இல்லை. திங்கட்கிழமை காலை உன் மெஷினைக் கொண்டுவந்து வைத்து, டிஸ்க்கில் கொடுக்கும் மூன்று கடிதத்துக்கு யார் உதவியும் இல்லாமல் பதில் எழுதிக் காட்டு, முடியவில்லை என்றால் இந்த மாதத்தோடு கணக்கு முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

"வேற நாள் கேக்க முடியாதா?"

"இதுக்கே மூணு வாரம் கெஞ்சினேன்ணே."

சரி, ஒரு மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். மெஷினைப் போட்டதும் திரையில் மஞ்சள் கேள்விக்குறி ஒன்று வந்து நின்றது. அன்நோன் டிவைஸ். ஏதோ ஒன்று செருகியிருக்கிறது, என்னவென்று எனக்குத் தெரியவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தேன். கார்டு அதன் இடத்தில் நேராக உட்கார்ந்திருந்தது. அதைப் பிடித்திருக்கும் திருகாணிக்கு மேல், அனுப்பியவர்கள் ஒட்டிய ஸ்டிக்கர் ஒன்று கிழியாமல் இருந்தது. பிரித்தால் கேரண்டி கிடையாது என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. ஆக, கார்டை யாரும் தொடவில்லை. கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு, கோளாறு மென்பொருளில்தான் என்று முடிவு கட்டினேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததையெல்லாம் விவரமாகச் சொல்லி உங்களை அறுக்கப் போவதில்லை. கார்டை ஓட்டும் டிரைவர் மென்பொருளை அழித்தேன், மறுபடி போட்டேன். மற்ற கார்டுகளோடு சண்டை போடுகிறதா என்று பார்த்தேன். மெஷினை எத்தனை தடவை அணைத்துப் போட்டேன் என்று கணக்கில்லை. கேள்விக்குறி நகரவில்லை. மல்லிகா அவ்வப்போது, "திரையில இப்ப என்ன இருக்குண்ணே?" என்பார். "அதேதான்" என்பேன்.

நடுவில் பெரியவர் பால் விட்டுத் தே கலக்கிக் கொண்டுவந்தார். கிளாஸை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"தம்பி, இந்த அட்டைக்கு ஈரம் பட்டா ஆகாதா?"

"ஈரமெல்லாம் படல அங்கிள், உள்ள பார்த்துட்டேன்."

அரை மணி நேரத்தில் இரண்டாவது கிளாஸ் வந்தது. "ஒரு தடவை கழட்டித் துடைச்சுப் பார்த்தா என்ன தம்பி?"

"சீல் இருக்கு அங்கிள். கழட்டினா கேரண்டி போயிடும்."

மூன்றாவது தடவை பிஸ்கட் தட்டோடு வந்தார். "இல்ல தம்பி, நான் என்ன சொல்ல வரேன்னா..."

"அங்கிள், ப்ளீஸ் லா! நீங்க பக்கத்துல நின்னு பேசிக்கிட்டே இருந்தா எனக்கு வேலை ஓடாது."

பெரியவர் பிஸ்கட் தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனார். மல்லிகா முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, ஆனால் மன்னிப்புக் கேட்கும் மனநிலையில் நான் இல்லை. மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. தெரியாது என்று சொல்ல வேண்டிய நிலைமைக்கு வந்துகொண்டிருந்தேன். எனக்கு அது அப்போது பழக்கமில்லாத வார்த்தை.

அவர்கள் வீட்டுப் போனிலிருந்து முதலாளியைக் கூப்பிட்டேன். மாற்றுக் கார்டு கிடைக்குமா என்றேன். வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், ஆறு வாரம் ஆகும் என்றார். போனை வைத்துவிட்டு, அப்பா மகள் இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"கார்டு செத்துப் போச்சு. ஒண்ணும் பண்ண முடியாது."

பெரியவர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். கையை நீட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மகளுக்கு வேலை போகப் போகிற கவலை என்று நினைத்தேன். அதைவிட மோசமான ஒன்று அந்த முகத்தில் இருந்தது. அதைப் படிக்க அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

மல்லிகா மட்டும் பதறவில்லை. "அப்பா, அண்ணன் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. கீழ கடையில வடை போட்டிருப்பாங்க, சூடா வாங்கிட்டு வாங்களேன்" என்றார். அந்த நேரத்தில் வடை ஒரு கேடா என்று எனக்குத் தோன்றியது. பெரியவர் மறுபேச்சுப் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அவர் காலடிச் சத்தம் மறையும்வரை மல்லிகா காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"போயிட்டார். சீக்கிரம் அந்தக் கார்டைக் கழட்டுங்கண்ணே."

"சீல் இருக்கு தங்கச்சி."

"அந்த சீல் பொய். செவ்வாய்க்கிழமை நான் குளிச்சுக்கிட்டு இருந்தப்ப அப்பா ஸ்க்ரூ கழட்டுற சத்தம் கேட்டுச்சு. புதன்கிழமையில இருந்து மெஷின் சூடானா சந்தன வாசம் வருது. உங்களுக்கு வரல?"

வந்தது. காலையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. இரண்டடி தள்ளிச் சாமி மேடை இருந்ததால் அங்கிருந்து வருகிறது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஸ்டிக்கரைப் பிய்த்தேன், திருகாணியை எடுத்தேன், கார்டை வெளியே இழுத்தேன். கார்டின் அடியில், சொருகும் இடத்தில், தங்கம் பூசிய பற்கள் வரிசையாக இருக்குமே, அந்தப் பற்களின் மேல் ஏழு சந்தனப் பொட்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். ஒரே அளவு, ஒரே இடைவெளி. ஸ்கேல் வைத்து அளந்தது போல் இருந்தது. சந்தனம் காய்ந்து பற்களை மூடியிருந்தது. பாதி பல் மூடியிருந்தால் கம்ப்யூட்டருக்கு அது யாரென்று எப்படித் தெரியும்?

எனக்குச் சிரிப்பு வந்தது. "முதல்லயே சொல்லியிருக்கலாமே தங்கச்சி" என்றேன்.

"அப்பா எதிர்ல எப்படிண்ணே சொல்வேன்? அம்மா போனதுக்கு அப்புறம் எனக்கு எல்லாமே அவர்தான். என் வேலை தன்னால போச்சுன்னு தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவார். நீங்களே கழட்டிப் பார்ப்பீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க கழட்டவே இல்ல."

அந்தக் கடைசி வரியை மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அறை வாங்கின மாதிரி இருந்தது.

பையில் எப்போதும் ஒரு வெள்ளை அழிரப்பர் வைத்திருப்பேன். கார்டுப் பற்களைச் சுத்தம் செய்ய அதைவிட நல்ல சாமான் இன்றைக்கும் இல்லை. ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, பல் பல்லாகத் தேய்த்தேன். கார்டு செருகும் ஸ்லோட்டுக்குள் போயிருந்த தூளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்தேன். ஈரச் சந்தனத்தோடு செருகிக் கரண்ட் கொடுத்திருக்கிறார்கள், உள்ளே எதுவும் எரிந்திருந்தால் நிஜமாகவே செத்ததுதான். பக்கத்து ஸ்லோட்டில் கார்டைப் பொருத்தி, மெஷினைப் போட்டேன். கேள்விக்குறி வரவில்லை. பத்து விநாடி கழித்து வெள்ளைக்காரன் தொண்டையைத் திறந்தான்.

மல்லிகா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஸ்லோட் லூஸுன்னு சொல்லுங்கண்ணே, அப்பாகிட்ட சந்தனத்தைப் பத்திப் பேச வேண்டாம்" என்றார்.

பெரியவர் வடைப் பொட்டலத்தோடு வந்தபோது வெள்ளைக்காரன் சத்தமாக ஏதோ படித்துக்கொண்டிருந்தான். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நாலு மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"எப்படித் தம்பி?"

"ஸ்லோட்டுல சரியா உட்காரல அங்கிள். நான் காலையிலயே கழட்டிப் பார்த்திருக்கணும். நீங்க சொன்னீங்க, நான் கேக்கல. என் தப்பு."

அவர் செய்தித்தாளில் கிடந்த ரப்பர் தூளைப் பார்த்தார். அது சிவப்பாகவும் மஞ்சளாகவும் இருந்தது. நான் அவசரமாகத் தாளை மடித்தேன்.

கிளம்பும்போது, வேண்டாம் என்று சொல்லியும் என் பையை அவரே தூக்கிக்கொண்டு கீழே வந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றார்.

"நான்தான் தம்பி. உங்களுக்குத் தெரியும், ஆனா நான் சொல்லணும். பட்டறையில முப்பது வருஷமும் அப்படித்தான் வச்சோம். ஸ்பேனருக்கு வாயில, உளிக்கு முனையில, அரத்துக்குப் பல்லுல. எந்த இடம் வேலை செய்யுதோ அங்கதான் பொட்டு. எம்மகளுக்குச் சோறு போடற சாமான் அது. முழு மெஷினையும் சாமி முன்னால தூக்கி வைக்க என்னால முடியல. அதான் ஸ்டிக்கரைக் கிழியாம இஸ்திரிப் பெட்டி சூட்டுல உரிச்சு, அட்டையை மட்டும் எடுத்து வச்சேன். அதுல எது வேலை செய்ற இடம்னு ரொம்ப நேரம் புரட்டிப் பார்த்தேன். தங்கப் பல்லுதான்னு பட்டுச்சு."

சரியாகத்தான் பார்த்திருக்கிறார். மூன்று மணி நேரம் நான் கண்டுபிடிக்காத இடத்தை, கம்ப்யூட்டர் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு பழைய ஃபிட்டர் கையில் எடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

"காலையில மூணு தடவை சொல்ல வந்தேன். எம்மக இருக்கிறப்ப வாய் வரல. செத்துப் போச்சுன்னு நீங்க சொன்னீங்க பாருங்க, கடைக்கு நடந்து போனதே எனக்குத் தெரியல" என்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மல்லிகாகிட்ட சொல்லிடாதீங்க தம்பி. அவளுக்குச் சாமி மேல கோவம் வந்துரும்."

சொல்ல மாட்டேன் என்றேன். ஒரே பகலில் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே சத்தியம். வண்டியில் உட்கார்ந்த பிறகு ரொம்ப நேரம் சாவியைத் திருகவில்லை. எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. அந்த வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் கோளாறு தெரிந்திருந்தது. சொல்வதற்கு ஒருவருக்கொருவர் தடையாக நின்றார்கள், அவ்வளவுதான். ஆளுக்கு இரண்டு நிமிஷம் தனியாகக் கொடுத்திருந்தால், கேட்கக் காது கொடுத்திருந்தால், பத்து மணிக்கே வேலை முடிந்திருக்கும். அதைவிட, கையில் எடுத்துப் பார்க்காத ஒரு சாமானைச் செத்தது என்று சொல்லி, ஒரு கிழவரை அந்தப் படிகளில் இறங்க வைத்தேன். அந்த வார்த்தையை இந்தத் தொழிலில் நான் பிறகு உபயோகித்ததே இல்லை. நீங்களும் உபயோகிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை காலை மெஷினை என் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய் மல்லிகாவின் ஆபீசில் வைத்துக் கொடுத்தேன். முதலாளி முணுமுணுத்தார், முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்று கடிதத்துக்குக் கொடுத்த நேரத்தில் மல்லிகா ஐந்து கடிதத்துக்குப் பதில் எழுதினார். மேனேஜர் ஐந்தாவது கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, எந்த மேசை வேண்டும் என்று கேட்டாராம்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் கடைக்கு ஒரு போன் வந்தது. மறுமுனையில் பெரியவர், குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தம்பி, வெள்ளைக்காரனுக்கு எங்க பொட்டு வச்சா பேசுவான்?"

பெட்டியின் பின்பக்கம், கார்டைப் பிடித்திருக்கும் தகரத்தில் வையுங்கள், உள்ளே திறக்கவே வேண்டாம், ஒரு பொட்டு போதும் என்றேன்.

மூன்று வருஷம் கழித்து மல்லிகா புது மெஷின் வாங்கினார். அதில் பேச்சுக் கார்டு தேவையில்லை, மென்பொருளே பேசும். பழையதைப் பிரித்து எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார். பின்பக்கத் தகரத்தில் மூன்று பொட்டு ஒன்றன்கீழ் ஒன்றாகக் காய்ந்திருந்தது. கார்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். மல்லிகா எடுத்து, தகரத்தைத் தடவிப் பார்த்தார்.

"மூணு" என்றார். "ஒவ்வொரு வருஷமும் நான் குளிக்கப் போற நேரம் பார்த்து வைப்பார். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார்."

"இதை என்ன பண்றது தங்கச்சி? புது மெஷின்ல இதைச் செருக இடமே கிடையாது."

"வேலை செய்ய வேணாம்ணே. பின்னாடி தகரம் மட்டும் தெரியற மாதிரி மாட்ட முடியுமா? இல்லைன்னா வர்ற வருஷம் அப்பா எங்க பொட்டு வைப்பார்?"

பெட்டியின் கடைசி ஓரத்தில் ஒரு காலி இடம் இருந்தது. கார்டின் பற்கள் எதிலும் படாமல், ஒரு கம்பிகூட இல்லாமல், தகரத்தை மட்டும் திருகாணி போட்டு இறுக்கினேன். மெஷினைப் போட்டேன். திரையில் எல்லாச் சாதனங்களும் ஒழுங்காக வரிசையில் வந்தன. இப்படி ஒன்று தன் வயிற்றில் இருப்பது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியவே இல்லை.

சமையலறையிலிருந்து பெரியவர் கேட்டார். "என்ன தம்பி, வெள்ளைக்காரனைப் புது வீட்டுல குடி வச்சாச்சா?"

"ஆச்சு அங்கிள்" என்றேன். மல்லிகா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.